மூத்த நாய்களின் உடல் மாற்றங்களும் அவற்றுக்குத் தேவையான வசதிகளும்: சிங்கப்பூர் வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

வயதான நாய் சோபாவில் ஏறத் தயங்கினாலும், கூப்பிட்ட குரலுக்குத் திரும்பிப் பார்க்காவிட்டாலும், நள்ளிரவில் எழுந்து வீட்டைச் சுற்றி வந்தாலும் நம் வீடுகளில் பெரும்பாலும் ஒரே விளக்கம்தான் சொல்லப்படுகிறது: "வயசாயிடுச்சு, பாவம்." அன்போடு சொல்லப்படும் சொல்தான் அது. ஆனாலும் அதைச் சொன்னவுடன் காரணத்தைத் தேடும் முயற்சி நின்றுபோகிறது. சோபாவில் ஏறாத நாய்க்கு மூட்டுவலி இருக்கலாம். இரவில் நடக்கும் நாய்க்கு மூளைத் தேய்வோ சிறுநீரக நோயோ இருக்கலாம். இவற்றுள் பலவற்றை முற்றிலும் குணப்படுத்த இயலாவிட்டாலும், நாயின் அன்றாடத்தைப் பெருமளவு எளிதாக்க இயலும். ஆகவே, ஒரு மாற்றத்தைக் கண்டால் முதலில் வலியையும் நோயையும் தேடிப் பார்த்து, எதுவும் இல்லையென்று தெரிந்த பிறகே முதுமையின் கணக்கில் எழுத வேண்டும் என்பதே இவ்வழிகாட்டியின் அடிப்படை.

படி 1: உங்கள் நாய் எப்போது முதியதாகிறது என்பதை அறியுங்கள்

நாயின் ஓர் ஆண்டு மனிதரின் ஏழு ஆண்டுகளுக்குச் சமம் என்ற பழைய கணக்கை விட்டுவிடலாம். லாப்ரடோர் நாய்களின் மரபுப்பொருளில் வயதோடு மாறும் வேதிக் குறிகளை மனிதருடையவற்றோடு ஒப்பிட்டு 2020இல் வெளியான ஆய்வு, நாய்கள் முதல் சில ஆண்டுகளில் மிக விரைவாக மூப்படைந்து, பிறகு அந்த வேகம் குறைகிறது என்று காட்டியது. உடலளவும் முக்கியம். பெரிய இன நாய்கள் ஆறேழு வயதிலேயே முதுமையின் வாசலில் நிற்கின்றன. சிறிய இனங்களுக்குப் பத்து வயதை ஒட்டியே அந்த நிலை வருகிறது. எதிர்பார்க்கப்படும் ஆயுளின் கடைசிக் கால்பங்கை முதுமை என்று கொள்வது கால்நடை மருத்துவர்கள் பயன்படுத்தும் எளிய வரையறை.

சிங்கப்பூருக்கு இதில் ஒரு தனித்தன்மை உண்டு. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் அனுமதிக்கப்பட்ட சிறிய இன நாய் ஒன்றை மட்டுமே வளர்க்கலாம் என்பதால், நம்மில் பெரும்பாலோர் வீட்டில் ஷிட்சூ, மால்டீஸ், பூடில், மினியேச்சர் ஷ்னாவ்சர், ஜாக் ரசல் டெரியர் போன்றவையே முதுமை அடைகின்றன. 2012இல் தொடங்கிய அடோர் திட்டத்தின் வழியாக வீவக வீடுகளுக்கு வந்த உள்ளூர்க் கலப்பின நாய்களில் முதல் தலைமுறையும் இப்போது மூத்துவிட்டது. சிறிய இனங்களுக்கு இதய வால்வுத் தளர்ச்சி, முழங்கால் சில்லு விலகல், மூச்சுக்குழாய்த் தளர்ச்சி, பல் ஈறு நோய் ஆகியவை அதிகம். தரைவீடுகளில் வளரும் லாப்ரடோர், கோல்டன் ரெட்ரீவர் போன்றவற்றுக்கு இடுப்பு, முழங்கை மூட்டுத் தேய்வும் குரல்வளை வாதமும் அதிகம். உங்கள் நாயின் இனத்துக்குரிய நோய்களை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டால், எங்கே கண் வைக்க வேண்டும் என்பது தெளிவாகும்.

படி 2: நலமாக இருக்கும்போதே அளவுகளைக் குறித்துவையுங்கள்

முதுமையின் மாற்றங்கள் மிக மெதுவாக வருவதால், தினமும் பார்ப்பவர் கண்ணுக்கு அவை தெரிவதில்லை. ஓராண்டு கழித்து வீட்டுக்கு வரும் உறவினர் "என்ன இப்படி இளைச்சிடுச்சு!" என்று சொல்லும்போதுதான் நமக்கு உறைக்கிறது. இதைத் தவிர்க்க ஒரு சிறிய ஏடு போதும். வீட்டுப் பணிப்பெண் நாயைப் பார்த்துக்கொள்கிறார் என்றால் அவருக்கும் இவற்றைச் சொல்லிக்கொடுத்து, அவர் கவனிப்பதையும் அதே ஏட்டில் எழுதச் சொல்ல வேண்டும். பகல் முழுவதும் நாயோடு இருப்பவர் அவர்தான். பல வேளைகளில் முதல் மாற்றம் அவர் கண்ணில்தான் படும்.

மாதம் ஒருமுறை எடை பாருங்கள். நாயைத் தூக்கிக்கொண்டு எடைக்கருவியில் ஏறி, பிறகு உங்கள் எடையைக் கழித்துக்கொள்ளலாம். 6 கிலோ நாய் 300 கிராம் இளைத்தால் அது உடலெடையில் 5 விழுக்காடு. உணவைக் குறைக்காமலே அப்படி இளைத்திருந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய அளவு அது.

நாய் ஆழ்ந்து உறங்கும்போது, மார்பு ஏறி இறங்குவதை ஒரு மூச்சாகக் கொண்டு, ஒரு நிமிடத்துக்கு எண்ணுங்கள். உறக்கத்தில் நிமிடத்துக்கு 30க்கும் குறைவாக இருப்பதே இயல்பு. இதய வால்வில் இரைச்சல் இருப்பதாக மருத்துவர் சொன்ன நாய்க்கு இந்த எண் மிகவும் மதிப்புடையது. அது நாள்தோறும் ஏறிக்கொண்டே போனால், நுரையீரலில் நீர் சேரத் தொடங்கியிருக்கலாம். இருமலோ மயக்கமோ வருவதற்கு முன்பே கிடைக்கும் எச்சரிக்கை இது.

தண்ணீரையும் ஒருமுறை அளந்து வையுங்கள். அளந்து ஊற்றி, 24 மணி நேரம் கழித்து மிச்சத்தை அளந்தால் நாய் குடித்த அளவு கிடைக்கும். ஒரு கிலோ உடலெடைக்கு ஒரு நாளில் 100 மில்லிலிட்டருக்கு மேல் குடித்தால் அது மிகை. 5 கிலோ நாய்க்கு அரை லிட்டர் என்பது அந்த எல்லை.

கடைசியாக, மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாய் பொதுத் தாழ்வாரத்தில் உங்களை நோக்கி வருவதையும் விலகிப் போவதையும் கைப்பேசியில் காணொளியாக எடுத்து வையுங்கள். மருத்துவமனையின் புதிய இடத்தில் பதற்றத்தில் இருக்கும் நாய் நொண்டலை மறைத்துவிடும். வீட்டில் எடுத்த காணொளி மருத்துவருக்கு உண்மை நடையைக் காட்டும்.

படி 3: வலியைக் கண்டறியுங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து, ஏனெனில் மூத்த நாய்களின் துன்பத்தில் பெரும்பங்கு கண்டுகொள்ளப்படாத மூட்டுவலியே. நாய் வலிக்காக அழும், கத்தும் என்று எதிர்பார்க்கக் கூடாது. நாள்பட்ட வலியை அது பழக்கங்களைக் குறைத்துக்கொள்வதன் மூலமே காட்டுகிறது. படுத்து எழுந்தவுடன் முதல் சில அடிகள் விறைப்பாக இருப்பது; வாசலில் வந்து வரவேற்காமல் படுக்கையிலிருந்தே வாலாட்டுவது; உட்காரும்போது ஒரு பின்காலைப் பக்கவாட்டில் நீட்டிவைப்பது; மலம் கழிக்கும்போது ஒரே இடத்தில் குந்தி நிற்க முடியாமல் நடந்துகொண்டே கழிப்பது; ஒரே மணிக்கட்டையோ முழங்காலையோ விடாமல் நக்குவது; குழந்தைகள் இடுப்பைத் தொட்டால் முன்னில்லாத எரிச்சலோடு உறுமுவது: இவை எல்லாமே வலியின் அடையாளங்களாக இருக்கலாம். உறுமும் நாய் "குணம் மாறிவிட்டது" என்று கண்டிக்கப்படுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. தொடாதே, வலிக்கிறது என்று சொல்ல அதற்கு வேறு வழி இல்லை.

கையால் பார்த்தும் அறியலாம். இரு தொடைகளையும் ஒரே நேரத்தில் மெதுவாகப் பிடித்துப் பாருங்கள். ஒரு பக்கத் தசை மற்றதைவிட மெலிந்திருந்தால் அந்தக் காலில் நாய் எடையைக் குறைவாகவே வைக்கிறது. நகங்களைப் பாருங்கள், பின்கால் நகங்களின் மேற்பகுதி தேய்ந்திருந்தால் பாதத்தை இழுத்து நடக்கிறது என்று பொருள். அது மூட்டிலிருந்தும் வரலாம், முதுகுத்தண்டின் நரம்பிலிருந்தும் வரலாம். முதுகு நீண்ட டாக்ஸ்ஹுண்ட் போன்ற நாய் திடீரெனப் பின்காலை இழுத்தால் அன்றே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

வலிக்கு இன்று நல்ல மருத்துவம் இருக்கிறது. நாய்களுக்கென்றே தயாரிக்கப்பட்ட அழற்சி எதிர்ப்பு மாத்திரைகள் உண்டு; வலியைக் கடத்தும் நரம்பு வளர்ச்சிப் புரதத்தைத் தடுக்க மாதம் ஒருமுறை போடும் ஊசியும் வந்துள்ளது; நீருக்கடியில் ஓடும் நடைப்பட்டையில் தசையை வலுப்படுத்தும் பயிற்சியும் சிங்கப்பூரில் கிடைக்கிறது. ஒவ்வொன்றுக்கும் பக்கவிளைவு உண்டு என்பதால் இரத்தப் பரிசோதனையோடு மருத்துவரே தேர்ந்தெடுக்க வேண்டும். அழற்சி எதிர்ப்பு மாத்திரை கொடுக்கும் நாளில் வாந்தியோ கறுத்த மலமோ வந்தால், அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் உடனே மருத்துவமனையை அழையுங்கள்.

வீட்டு மருந்துப் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். ஐபுபுரோஃபென் நாயின் வயிற்றில் புண்ணையும் சிறுநீரகச் செயலிழப்பையும் உண்டாக்கும். பனடோல் என்று நாம் அறியும் பாரசிட்டமோல் அளவு மீறினால் கல்லீரலையும் இரத்த அணுக்களையும் தாக்கும். பாட்டி அன்போடு தேய்த்துவிடும் மருந்துத் தைலமும் வேண்டாம். அதிலுள்ள கற்பூரமும் மெத்தில் சாலிசிலேட்டும் தோலை எரிப்பதோடு, நாய் நக்கும்போது வயிற்றுக்குள்ளும் போகும்.

படி 4: தரையிலிருந்து தொடங்கி வீட்டை மாற்றியமையுங்கள்

மூட்டு மாத்திரைக்கும் சத்துப் பொடிக்கும் செலவு செய்யும் பலர், நாய் நாள் முழுவதும் நிற்கும் தரையைக் கவனிப்பதில்லை. நம் வீடுகளின் பளபளக்கும் ஓடுகள் வெயிலுக்குக் குளிர்ச்சி தருபவை. தசை மெலிந்த நாய்க்கோ அவை பனித்தரை போல வழுக்குபவை. கால்கள் விலகிச் சறுக்குவதைத் தடுக்க அது ஒவ்வொரு அடியிலும் உடலை இறுக்கிப் பிடிக்கிறது. அந்த இறுக்கமே மாலைக்குள் வலியாகிறது. ஆகவே படுக்கையிலிருந்து தண்ணீர்க் கிண்ணத்துக்கும், அங்கிருந்து வாசலுக்கும், கழிப்பிடத்துக்கும் அது நடக்கும் வழியைக் கவனித்து, அந்த வழி முழுவதும் வழுக்காத விரிப்பு இடுங்கள். யோகா பாயோ, குழந்தைகள் விளையாடும் பொருத்து நுரைப்பாயோ போதும். கோரைப்பாய் ஓட்டின்மேல் தானே நழுவும் என்பதால் ஏற்றதன்று. விரிப்புகளுக்கு இடையே தாவிக் கடக்க வேண்டிய வெற்றிடம் இருக்கக் கூடாது.

பாதத்தையும் சேர்த்தே கவனியுங்கள். பாதத்தின் அடியிலுள்ள மெத்தைகளுக்கு இடையே வளரும் முடி பிடிப்பைக் கெடுக்கும், நீண்ட நகம் விரல்களை மேல்நோக்கித் தள்ளி மணிக்கட்டுக்குச் சுமை ஏற்றும். நடை குறைந்த நாயின் நகம் தேயாது என்பதால், முன்பு வெட்டியதைவிட அடிக்கடி வெட்ட வேண்டியிருக்கும்.

வீவக வீட்டுக்கே உரிய ஓர் இடர் குளியலறை வாசல். பல நாய்கள் குளியலறையில் சிறுநீர் கழிக்கப் பழக்கப்பட்டவை; அங்கே ஒரு படி இறங்க வேண்டும், தரையும் எப்போதும் ஈரமாகவே இருக்கும். முதிய நாய் திடீரென வரவேற்பறையில் கழிக்கத் தொடங்கினால், அந்தப் படியில் ஒருமுறை விழுந்திருக்கக்கூடும். சிறுநீர்த் தட்டைப் படிக்கு வெளியே, உலர்ந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். பல வேளைகளில் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும்.

படுக்கையைத் தேர்ந்தெடுக்கும்போது உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். கை தரையை உணர்ந்தால் நாயின் முழங்கையும் உணரும். எலும்பு தரையில் அழுந்தும் இடத்தில்தான் தோல் தடித்து, பின்பு புண்ணாகிறது. அதே நேரத்தில் தடித்த நுரை வெப்பத்தைப் பிடித்துவைக்கும் என்பதால், நம் ஊர்ப் பருவத்தில் பல நாய்கள் அதை விட்டு வெறுந்தரைக்குப் போய்விடும். காற்றாடிக்குக் கீழே நுரைப்படுக்கை ஒன்றும், அதனருகில் காற்றோட்டமுள்ள வலைக்கட்டில் ஒன்றும் வைத்து, நாயே தேர்ந்தெடுக்க விடுவது சிறந்தது. வலைக்கட்டில் தாழ்வாக இருக்க வேண்டும்.

சோபாவுக்குப் படிப்பலகையைவிடச் சாய்தளம் நல்லது. கழுத்துப்பட்டைக்குப் பதிலாக மார்பைச் சுற்றும் கவசப்பட்டையைப் பயன்படுத்தினால், தளர்ந்த மூச்சுக்குழாயும் கழுத்து எலும்பும் இழுபடாது. பின்கால்கள் வலுவிழந்த நாய்க்கு, ஒரு துண்டை வயிற்றின் கீழே கொடுத்து இருபுறமும் தூக்கிப் பிடித்தபடி மின்தூக்கி வரை நடத்தலாம். மின்தூக்கிக் கதவு மூடும் வேகத்துக்கு முதிய நாயால் ஈடுகொடுக்க முடியாது. பொத்தானை அழுத்திப் பிடித்து, நாய் முழுமையாக உள்ளே வந்தபின் விடுங்கள், அல்லது தூக்கிக்கொள்ளுங்கள்.

நடையை நிறுத்திவிடாதீர்கள். அசையாத மூட்டு மேலும் விறைக்கும், தசை மேலும் கரையும். வார இறுதியில் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் ஒரு மணி நேரம் நடத்தி மற்ற நாள்களில் வீட்டிலேயே வைத்திருப்பதைவிட, தினமும் புளோக்கைச் சுற்றி பத்து நிமிட நடை மூன்று முறை என்பது எவ்வளவோ மேல். மோந்து பார்க்க விரும்பும் இடத்தில் நிற்க விடுங்கள். கண்ணும் காதும் மங்கிய நாய்க்கு உலகம் மூக்கின் வழியாகத்தான் வருகிறது.

படி 5: வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் கணக்கில் கொள்ளுங்கள்

நாய் நம்மைப் போல வியர்த்துக் குளிர்வதில்லை; நாக்கிலும் மூச்சுப்பாதையிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்கியே உடல் சூட்டைக் குறைக்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் அந்த ஆவியாதல் மந்தமாகிறது. சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கும் மேல் என்பதால், 32 டிகிரி என்பது இங்கே நாய்க்கு உலர்ந்த ஊர்களின் 32 டிகிரியைவிடக் கடுமையானது. இதயம் தளர்ந்த நாய், மூக்கு சப்பையான பக், ஷிட்சூ, குரல்வளை வாதம் வந்த பெரிய நாய் ஆகியவை விரைவில் தளர்ந்துவிடும். குரைப்பு கரகரத்து, மூச்சை இழுக்கும்போது உரத்த ஓசை எழுந்தால் குரல்வளையைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

காலை எட்டு மணிக்கு முன்பும் மாலை ஏழு மணிக்குப் பின்பும் நடத்துங்கள். புறங்கையைத் தரையில் ஏழு விநாடி வைக்க முடியாவிட்டால் அந்தத் தரையில் நாயை நடத்தக் கூடாது. நாயின் இயல்பான உடல் வெப்பம் ஏறத்தாழ 38.3 முதல் 39.2 டிகிரி வரை. 41 டிகிரியைத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. தள்ளாட்டம், அடர்சிவப்பு ஈறு, நிற்காத மூச்சிரைப்பு ஆகியவற்றைக் கண்டால் குழாய்நீரால் உடலை நனைத்து, விசிறிக் காற்றில் வைத்தபடியே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். புகைமூட்டக் காலத்தில் நடையைச் சுருக்கி, சன்னலை மூடிவையுங்கள். மூச்சுக்குழாய் தளர்ந்த நாய் இருக்கும் வீட்டில் சாம்பிராணியும் ஊதுபத்தியும் இருமலைத் தூண்டும். பூசை நேரத்தில் நாயை வேறு அறையில் வைப்பது போதுமான ஏற்பாடு.

படி 6: கண்ணையும் காதையும் சோதியுங்கள்

ஏழெட்டு வயதுக்குப் பிறகு கண்மணி நீலம் கலந்த சாம்பல் நிறமாக மங்குவது பெரும்பாலும் வில்லை இறுகுவதால் வருவது. அதனால் பார்வை பெரிதும் கெடுவதில்லை. பால்வெண்மையாக அடர்ந்தால் அது கண்புரையாக இருக்கலாம், அதன் பின்னணியில் நீரிழிவும் இருக்கலாம். கண் சிவந்து, புடைத்து, நாய் அதைத் தேய்த்தால் கண் அழுத்தம் ஏறியிருக்கக்கூடும். அதை மறுநாளைக்குத் தள்ளக் கூடாது. பார்வை குறைந்த நாய் இருக்கும் வீட்டில் நாற்காலி மேசைகளை இடம் மாற்றாதீர்கள், இரவில் சிறு விளக்கு ஒன்றை எரியவிடுங்கள், தரையில் ஏற்றும் குத்துவிளக்கை உயரமான இடத்துக்கு மாற்றுங்கள்.

செவி மங்குவதற்கு முன்பே "வா", "உட்கார்" ஆகியவற்றைக் கைச்சைகையோடு பழக்கிவிட்டால் பின்னாளில் பெரிதும் உதவும். செவிடான நாயைத் தூக்கத்தில் திடீரெனத் தொடக் கூடாது. அது படுத்திருக்கும் தரைக்கு அருகில் காலை மெல்லத் தட்டி, அதிர்வால் எழுப்புங்கள்.

படி 7: வாயையும் தட்டையும் பாருங்கள்

நாய் வாய் நாறத்தான் செய்யும் என்று விட்டுவிடாதீர்கள். கடும் நாற்றம் என்பது பெரும்பாலும் ஈறு நோய். சிறிய இனங்களில் அது இளமையிலேயே தொடங்கி, பத்து வயதில் பற்கள் ஆடும் அளவுக்கு வந்துவிடும். ஒரு பக்கமாக மெல்லுதல், உலர் உணவை வாயிலெடுத்துக் கீழே போடுதல், எச்சில் ஒழுகுதல் ஆகியவை அறிகுறிகள். வயதான நாய்க்கு மயக்க மருந்து ஆகாது என்ற அச்சம் பரவலாக இருக்கிறது. இரத்தப் பரிசோதனையும் இதயப் பரிசோதனையும் செய்து, கண்காணிப்போடு கொடுக்கப்படும் மயக்கத்தைப் பெரும்பாலான மூத்த நாய்கள் தாங்குகின்றன. அழுகிய பற்களோடு ஆண்டுக்கணக்கில் வாழ்வதைவிட அதுவே நல்லது என்பது என் எண்ணம்.

எடையைப் பொறுத்தவரை சான்று தெளிவாக இருக்கிறது. 48 லாப்ரடோர் நாய்களை வாழ்நாள் முழுவதும் தொடர்ந்து 2002இல் வெளியிடப்பட்ட ஆய்வில், 25 விழுக்காடு குறைவாக உண்டவை இடைநிலைக் கணக்கில் 13 ஆண்டுகளும், மற்றவை 11.2 ஆண்டுகளும் வாழ்ந்தன. மூட்டுத் தேய்வும் குறைவாக உண்டவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. விலா எலும்புகள் கண்ணுக்குத் தெரியாமல் விரலுக்குத் தட்டுப்படுவதே சரியான உடல்வாகு. ஆனால் வயதாகிவிட்டது என்பதற்காகப் புரதத்தைக் குறைக்க வேண்டியதில்லை. சிறுநீரக நோய் உறுதியானால் மட்டுமே மருத்துவர் சொல்லும் உணவுக்கு மாறுங்கள். தயிர்சோறும் வேகவைத்த கோழியும் வயிற்றுக்கு இதமானவை என்றாலும், அதையே நாள்தோறும் கொடுத்தால் சுண்ணாம்புச் சத்து முதலியவை போதாமல் போகும்.

நம் சமையலில் நாய்க்கு ஆகாதவை பல. வெங்காயமும் பூண்டும் வெந்திருந்தாலும் சிவப்பணுக்களைச் சிதைக்கும், ஆகவே சாம்பார் சோறும் குழம்பு மிச்சமும் கூடாது. பாயசத்திலும் சர்க்கரைப் பொங்கலிலும் உள்ள உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். பிரியாணி எலும்பு குடலைக் குத்தும். தீபாவளி நாள்களில் வருபவர் ஒவ்வொருவரும் ஒரு துண்டு முறுக்கு, ஒரு துண்டு ஆட்டிறைச்சி என்று கொடுத்தால், அந்தக் கொழுப்பு கணைய அழற்சியில் கொண்டுபோய் விடும். ஷ்னாவ்சர் நாய்களுக்கு அந்த ஆபத்து இன்னும் அதிகம். விருந்தினரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

படி 8: தாகத்தையும் சிறுநீரையும் கவனியுங்கள்

நாய் அதிகமாகக் குடித்து அதிகமாகக் கழிப்பது சிறுநீரக நோய், நீரிழிவு, கார்ட்டிசோல் மிகுதியால் வரும் குஷிங் நோய் ஆகிய மூன்றுக்கும் பொதுவான அறிகுறி. வயிறு தொங்கி, தோல் மெலிந்து, முடி உதிர்ந்து, பசியும் மூச்சிரைப்பும் கூடியிருந்தால் குஷிங் நோயை நினைக்க வேண்டும். இரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருள் ஏறுவதற்குள் சிறுநீரகச் செயல்திறனில் ஏறத்தாழ முக்கால் பங்கு போய்விடும் என்பதால், அதற்கு முன்பே மாறும் எஸ்டிஎம்ஏ என்ற இரத்தக் குறியீட்டின் அளவையும் சிறுநீர்ப் பரிசோதனையையும் சேர்த்துக் கேளுங்கள். தரையில் சிறுநீர் கிடக்கிறது என்பதற்காகத் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துவிடுவது மிகவும் ஆபத்தானது.

கருத்தடை செய்த பெண் நாய் உறக்கத்தில் அறியாமலே நனைத்துவிடுவது வேறு வகை. சிறுநீர்க்குழாயின் இறுக்கம் தளர்வதால் வரும் அதற்கு நல்ல மருந்து இருக்கிறது. எதுவாயினும் கண்டிக்கக் கூடாது. ஈரத்தில் கிடந்த தோல் நம் புழுக்கத்தில் சீக்கிரமே புண்ணாகும். துடைத்து, உலர்த்தி, வயிற்றுப்புற முடியைக் குட்டையாக வெட்டிவிடுங்கள்.

படி 9: இரவு நடமாட்டத்தையும் குழப்பத்தையும் புரிந்துகொள்ளுங்கள்

பகலெல்லாம் தூங்கி, இரவில் நடந்து, சுவரைப் பார்த்து நின்று, கதவின் கீல் பக்கத்தில் காத்திருக்கும் நாயைப் பார்த்தால் வீட்டிலுள்ளவர்கள் கலங்கிப்போகிறார்கள். மனிதருக்கு வரும் மறதி நோயை ஒத்த மூளைத் தேய்வு நாய்களுக்கும் உண்டு. 2001இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், 11, 12 வயது நாய்களில் 28 விழுக்காட்டிலும், 15, 16 வயது நாய்களில் 68 விழுக்காட்டிலும் குறைந்தது ஓர் அறிகுறியாவது காணப்பட்டது. ஆனால் வலி, இரத்த அழுத்தம், பார்வை இழப்பு, சிறுநீர்த் தொற்று ஆகியவையும் இதே தோற்றத்தைத் தரும் என்பதால், முதலில் அவற்றை விலக்க வேண்டும்.

மூளைத் தேய்வு என்று உறுதியானால் பகல்பொழுதை மாற்றுவதிலிருந்து தொடங்குங்கள். காலை வெளிச்சத்தில் நடை, உணவை மோந்து தேடச் செய்யும் சிறு விளையாட்டு, மாலையில் மீண்டும் ஒரு குறுநடை, படுப்பதற்கு முன் சிறுநீர் கழிக்க ஒரு வாய்ப்பு, உண்பதும் உறங்குவதும் நாள்தோறும் அதே நேரத்தில். நடுத்தர நீளக் கொழுப்பமிலங்கள் சேர்ந்த உணவும், செலிஜிலின் என்ற மருந்தும் சில நாய்களுக்குப் பலன் தருகின்றன. நாய் சிக்கிக்கொள்ளும் மூலைகளை அடைத்துவிட்டு, அது தனியறையில் பதறுகிறது என்றால் படுக்கையை உங்கள் அறைக்கே கொண்டுவாருங்கள். இரவில் ஓயாது குரைத்து அண்டை வீட்டாருக்குத் தொந்தரவானால், அவர்களிடம் நேரில் போய் நாயின் நிலையைச் சொல்லுங்கள். நோயுற்ற முதிய நாய் என்று தெரிந்தால் பெரும்பாலோர் பொறுத்துக்கொள்வார்கள்.

படி 10: மருத்துவரிடம் போகும் முறை

ஏழெட்டு வயதிலிருந்து ஆண்டுக்கு இருமுறை முழுப் பரிசோதனை செய்வது நல்லது. குளிப்பாட்டும்போது புதிய கட்டி தட்டுப்பட்டால் இடத்தையும் அளவையும் எழுதிவையுங்கள். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இருந்தாலோ ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தாலோ ஊசியால் உறிஞ்சிச் சோதிக்கச் சொல்லுங்கள். கொழுப்புக் கட்டியையும் புற்றுக் கட்டியையும் தொட்டுப் பார்த்தே பிரித்தறிய முடியாது. கொசுவால் பரவும் இதயப்புழுவும் உண்ணியால் பரவும் காய்ச்சலும் இங்கே உண்டு என்பதால், வயதாகிவிட்டது என்று தடுப்பு மருந்தை நிறுத்தக் கூடாது.

நாய்களை எம்ஆர்டியிலோ பேருந்திலோ ஏற்ற முடியாது. ஆகவே 24 மணி நேரமும் இயங்கும் மருத்துவமனையின் எண்ணையும் செல்லப்பிராணிகளை ஏற்றும் வாகனச் சேவையின் எண்ணையும் குளிர்பதனப் பெட்டியின் மேல் இன்றே ஒட்டிவையுங்கள். வெளுத்த ஈறுடன் சரிந்து விழுதல், வயிறு உப்பி வாந்தி வராமல் ஓங்கரித்தல், உறக்கத்திலும் வேகமான மூச்சு, அடுத்தடுத்து வலிப்பு ஆகியவற்றுக்குக் காலை வரை காத்திருக்கக் கூடாது. திடீரெனத் தலை ஒருபுறம் சாய்ந்து, விழிகள் ஆடி, நாய் சுழன்று விழுந்தால் அதையும் உடனே காட்டுங்கள். ஆனால் அதைப் பார்த்தவுடன் எல்லாம் முடிந்தது என்று எண்ணிவிடாதீர்கள். மூத்த நாய்களுக்கு வரும் உட்செவிச் சமநிலைக் கோளாறு பக்கவாதம் போலவே தோன்றி, பெரும்பாலும் இரண்டு மூன்று வாரங்களில் தேறிவிடும்.

படி 11: கடைசிக் கட்டத்துக்கான பேச்சை முன்கூட்டியே தொடங்குங்கள்

கருணைக்கொலையைப் பற்றி நம் குடும்பங்களில் ஒத்த கருத்து இருப்பதில்லை. உயிரை எடுக்க நமக்கு உரிமையில்லை என்று தாத்தா சொல்வார். வலியில் விட்டுவைப்பதே பாவம் என்று பேத்தி சொல்வாள். இரண்டுமே அன்பிலிருந்து வருபவை. இந்தப் பேச்சை நெருக்கடி இரவில், மருத்துவமனை வராந்தாவில் நடத்தாமல், நாய் ஓரளவு நலமாக இருக்கும்போதே வீட்டில் நடத்திவிடுங்கள். தானாக வரும் சாவு எப்போதும் அமைதியாக இருக்கும் என்று நம்பிக் காத்திருக்க வேண்டாம். இதயம் செயலிழந்த நாய் மூச்சுக்குத் திணறி இறக்கக்கூடும்.

முடிவெடுக்க ஓர் அளவுகோல் உதவும். அமெரிக்கக் கால்நடை மருத்துவர் அலிஸ் வில்லலோபோஸ் வகுத்த முறையில் வலி, பசி, நீர்ச்சத்து, தூய்மை, மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாள்களைவிட நல்ல நாள்கள் கூடுதலா என்பது ஆகிய ஏழுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண் இடுவார்கள்; 10 என்பது மிக நல்ல நிலை. மொத்தம் 35க்கு மேல் இருந்தால் வாழ்க்கைத் தரம் ஏற்கத்தக்கது. வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் தனித்தனியே வாரம் ஒருமுறை மதிப்பிட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். பணிப்பெண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கே வந்து இறுதி ஊசி போடும் மருத்துவர்கள் சிங்கப்பூரில் உள்ளனர். நாய்க்கு மருத்துவமனை என்றாலே நடுக்கம் என்றால் அதைக் கேட்டுப் பாருங்கள். தகனத்துக்குச் செல்லப்பிராணிகளுக்கான தனியார் நிலையங்கள் இருக்கின்றன. தனியாகத் தகனம் செய்தால் அஸ்தியைப் பெற்றுக்கொள்ளலாம். அதன்பின் நாயின் உரிமத்தை நீக்க, தேசியப் பூங்காக் கழகத்தின் கீழ் இயங்கும் விலங்கு, கால்நடை மருத்துவச் சேவைக்கு இணையம்வழி தெரிவிக்க வேண்டும். மிஞ்சிய மாத்திரைகளை வீட்டிலுள்ள வேறு விலங்குக்குக் கொடுக்காமல் மருத்துவமனையிடமே ஒப்படைத்துவிடுங்கள்.